வேலியோரத்து மூன்று தொட்டிகள்

ஜனவரி வெயில் உச்சத்துக்கு ஏறிய வாரத்தில் மெரில் வீட்டுத் தோட்டத்தில் மூன்று தொட்டிச் செடிகள் செத்துவிட்டன. கத்தரி இரண்டு, மிளகாய் ஒன்று. மூன்றுமே மேற்கு வேலியோரம் இருந்தவை.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடை கொளுத்தும் ஆஸ்திரேலியப் பாலைநிலத்து ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருபத்திரண்டு கோடைகளைப் பார்த்தவள் அவள். பொழுது விடியுமுன் தண்ணீர் ஊற்றி, மண்மேல் வைக்கோல் பரப்பி, மேலே நிழல்வலையை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பேக்கரி வேலைக்குப் போவாள். வெயிலுக்குச் சாகும் செடி முதலில் ஓரம் கருகும், பிறகு காயும். இவை அப்படிச் சாகவில்லை. வெந்த கீரைபோல் துவண்டு கிடந்தன.

வைக்கோலை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டாள். விடியலில் ஊற்றிய தண்ணீர் மதியம் ஒரு மணிக்கு இவ்வளவு ஈரமாக இருக்க வழியே இல்லை. யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். மோந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது. வாசனையில்லாத களைக்கொல்லியும் உண்டே என்று நினைத்துக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட். தெற்கே குளிர்த் தீவான டாஸ்மேனியாவிலிருந்து நவம்பரில்தான் குடிவந்தவர். வந்த வாரமே அவர் வண்டியை அவள் வாசலை மறித்து நிறுத்தினார் என்று மெரில் அவரைத் தெருவில் வைத்துக் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

“என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான், லோர்னா. மனசுல என்னமோ வச்சிருக்கான்” என்றாள், பேக்கரியில் கூட வேலை செய்பவளிடம்.

“நீ திட்டுன திட்டுக்கு நானா இருந்தா ஊரையே காலி பண்ணியிருப்பேன்” என்றாள் லோர்னா, மாவைப் பிசைந்தபடி.

வியாழக்கிழமை மெரில் பதினொரு மணிக்கே திரும்பினாள். வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள். உள்ளே அனல். பன்னிரண்டரைக்கு வேலிக்கு மேல் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு ஒரு ரப்பர் குழாயின் முனை நீண்டு வந்து நான்காவது தொட்டியில் தண்ணீர் விட ஆரம்பித்தது.

“என்னத்த ஊத்துறீங்க?” என்று கேட்டபடி கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள் மெரில்.

டெஸ்மண்ட் குழாயை நழுவவிட்டார். “தண்ணிங்க. வெறும் தண்ணிதான். மத்தியானமானா இலையெல்லாம் தொங்கிப்போகுது. நீங்க வீட்ல இருக்கிறதில்ல. பாவமா இருந்துச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்ககிட்டயா?” என்றார் அவர்.

மெரில் நம்பவில்லை. முனையை எடுத்து உள்ளங்கையில் பிடித்தாள். மறுநொடி கையை உதறினாள். அந்தத் தண்ணீரில் டீயே போடலாம். காலையிலிருந்து அவர் முற்றத்து வெயிலில் சுருண்டு கிடந்த குழாய் அது.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டவரின் முகம் வெளுத்தது. “எங்க ஊர்ல குழாயத் தெறந்தா ஜில்லுன்னுதான் வரும்...”

“இலை மத்தியானம் தொங்கும், சாயங்காலம் தானா நிமிரும். வெயிலத் தாங்க அது பண்ற வேலை அது. மூணையும் வேரோட அவிச்சு வச்சிருக்கீங்க.”

சனிக்கிழமை அவர் ஒரு கத்தரிச் செடியோடு அவள் வாசலில் நின்றார். மெரில் அதைக் கையில் வாங்குமுன் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள்.

“பூச்சி இருக்கான்னு பாக்குறீங்களா?”

“ஆமா.”

பூச்சி இல்லை. இருந்தாலும் அதை மற்றச் செடிகளோடு சேர்க்காமல், வேலியிலிருந்து எந்தக் குழாயும் எட்டாத கிழக்குச் சுவரோரம் பதினைந்து நாள் தனியாக வைத்திருந்தாள்.