மூன்றாவது பிளக்

முதல் அறை விழுந்தபோது முனீஸ் வேனிலிருந்து முழுதாக இறங்கியிருக்கவில்லை. இரண்டாவதில் உதடு கிழிந்தது.

"பெட்ரோல வித்துப்போட்டு மண்ணெண்ணெயக் கலந்தியாடா?" என்று கத்தினார் மகுடேஸ்வரன். பல்லடம் சாலையில் பனியன் கம்பெனி நடத்துபவர். துணி ஏற்றி வந்த அவருடைய வேன் வழியெல்லாம் திக்கித் திணறி ஜெயபாரதியின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டது. டிரைவர் முனீஸ் போன் செய்ததும் அவர் பைக்கில் வந்திருந்தார்.

"அடிக்காதீங்க. என்னன்னு பாத்துச் சொல்றனுங்க" என்றாள் ஜெயபாரதி.

இஞ்சினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். முதலாவதைக் கழற்றியதும் இஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் சத்தம் மாறவே இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. பிளக்கை வெளியே எடுத்துத் துடைத்தாள். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல்; அதன்மேல் கருகிய கோடு.

"பெட்ரோல்ல ஒண்ணுமில்லீங்க. பிளக்குப் பீங்கான் விரிசல் விட்டிருக்குது, கரண்ட் வெளிய ஓடுது. ஸ்பேனரச் சாய்ச்சு முடுக்கியிருக்காங்க. கடைசியா யாரு கழட்டுனது?"

முனீஸ் ரத்தத்தைத் துப்பினான். "மொதலாளிதான். நாயித்துக்கெழம, போன்ல வீடியோவப் பாத்து."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் சிரித்துவிட்டார்கள்.

மகுடேஸ்வரன் குனிந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். தலையைக் காக்க முனீஸ் இடதுகையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் மறுபடி ஓங்கியபோது ஜெயபாரதி ஜாக்கிக் கம்பியை அவர் முழங்காலில் வீசினாள். எண்ணெய்த் தரையில் சுருண்டு விழுந்தார்.

"இன்னொருக்கா கை ஓங்குனீங்கன்னா அடுத்த காலுங்க."

கம்பியோடு முனீஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

டீ குடித்தவர்கள் முனீஸை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் மகுடேஸ்வரனின் மாமா அவள் வீட்டுக்கு வந்தார்.

"பையன் வழுக்கி உளுந்துட்டான்னு சொல்லிப்போடு கண்ணு. மகுடேஸ்வரன் நம்ம சனமில்லியா."

"வழுக்கி உளுகலீங்க. அடிச்சாருங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டனுங்க."

நான்கு மாதமாகிறது. முனீஸின் கையில் தகடு வைத்திருக்கிறார்கள். கியர் போட்டால் வலிக்கிறதாம். மகுடேஸ்வரனின் முழங்காலை அடித்ததற்காக ஜெயபாரதி மீதும் ஒரு வழக்கு இருக்கிறது. பனியன் கம்பெனி வண்டிகளில் பாதி அவளிடம் ரிப்பேருக்கு வருவது நின்றுவிட்டது. வாய்தா நாளில் கடையைப் பூட்டிவிட்டு, சாட்சி சொல்ல அவள் கிளம்பிவிடுகிறாள்.