ஏழு வயதில் வந்த பை

என் மகளுக்கு ஏழு வயதில் சிறுநீர்ப்பை வந்தது. மற்றவர்கள் அதோடு பிறக்கிறார்கள்.

அவள் பிறந்தபோது பை மூடாமல், வயிற்றுக்கு வெளியே திறந்து கிடந்தது. உள்ளே தள்ளித் தைத்தார்கள். தைத்த பிறகு அது எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. எதுவும் நிற்காது. வந்தது வந்தபடி ஒழுகும். போன வருடம் அதிலிருந்து தபால்தலை அளவு ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மா அதன் செல்களைப் பிரித்து, தீனி போட்டுப் பெருக்கி, பை வடிவ அச்சின் மேல் உள்ளே ஒரு வகை, வெளியே ஒரு வகை என்று பூசி வளர்த்தார். சில வாரம் கழித்து டாக்டர் அதைப் பழைய பையோடு சேர்த்துத் தைத்தார். அச்சு உள்ளேயே கரைந்துவிட்டது. பை தங்கிவிட்டது.

இப்போது ஒழுகுவதில்லை. தானாக வருவதும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குழாயை அவளே விட்டு எடுத்துவிட வேண்டும். அதையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

ஆனால் எடுக்க மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து எதையும் சேர்த்து வைத்திராதவள். "இருக்கட்டும்பா, இப்பதானே நிறையுது" என்பாள்.

பரிசோதனை நாள் வந்தது. பை நிறைந்திருக்கும்போது ஸ்கேன் எடுக்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். என் அக்காவும் அவள் மகனும் துணைக்கு வந்தார்கள். அவனுக்கு எட்டு வயது. என் மகளுக்கு 'ஒழுகல்' என்று பெயர் வைத்தவன் அவன்தான். காரின் பின் இருக்கையில் இருவரும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார்கள். பாசம் என்று நினைத்தேன்.

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நிறையவே இருக்கு. போய் எடுத்துட்டு வாம்மா."

"மாட்டேன்."

"ஏன்?"

"பந்தயம். யாரு முதல்ல போறாங்களோ அவங்க அவுட்டு."

சுவரோரம் கையைக் காட்டினாள். அக்கா மகன் கால்களைக் கத்தரிக்கோல் போல மடக்கி நின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் என்னை ஜன்னல் பக்கம் அழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"புதுப் பை சார். ரொம்ப நிறைஞ்சா வலி கூட ஒழுங்காத் தெரியாது. கிழிஞ்சா மறுபடி வயித்தத் திறக்கணும். அப்பறம் இந்தப் பை மிஞ்சுமான்னு நான் சொல்ல முடியாது."

"பிடிச்சு வச்சு எடுத்துடலாமே?"

"துள்ளினா குழாய் குத்திடும். அவளா உக்காரணும்."

என் மனைவி கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செல்லம்ல, அம்மா சொன்னா கேளு. கிழிஞ்சிடும்."

"கிழியாது. லேப் ஆன்ட்டி சொன்னாங்க."

எல்லோரும் திரும்பினோம். ஆய்வகத்து அம்மா ஸ்கேன் பார்க்க வந்திருந்தார். மூலையில் நின்று, பெற்ற பிள்ளையின் பள்ளிக்கூடப் போட்டோவைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பக்கமும் இழுத்துப் பாத்தோம், கிழியலன்னு சொன்னேன்."

"இப்ப கிழியும்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவர் முயன்றார். வாய் திறந்தது.

"கிழியாது டாக்டர். கிழிஞ்சா உங்க தையல்லதான் கிழியும்."

"என் தையல்லயா?"

"ஓரம்தானே முதல்ல விடும்."

"எத்தனை வருஷமாத் தைக்கிறேன், ஒரு தையல் விட்டதில்ல. விட்டா உங்க சவ்வுதான் விடும்."

"சவ்வுன்னு சொல்லாதீங்க. அடுக்கடுக்கா வளத்திருக்கேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. "எது விட்டாலும் பிள்ளை என்னோடது."

நான் அக்கா மகன் முன்னால் குந்தினேன்.

"மாமாவுக்காக நீ போயிட்டு வந்துடுடா. ஒரு தடவை."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அக்கா கைப்பையை மடியில் இறுக்கினாள்.

"அவன் எதுக்குடா போகணும்? பிள்ளைக்கு மானம் ரோஷம் கிடையாதா?"

"அண்ணி, இது என்ன விளையாட்டா?" என்றாள் என் மனைவி.

"விளையாட்டுதான். பந்தயம்னு சொன்னது உன் பொண்ணு." அக்கா சற்று யோசித்தாள். "அதுல பாரு, இவளுக்குக் குழாய் விட்டாதானே வரும்? அப்பறம் இவ எப்படித் தோப்பா?"

அறையில் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அக்கா மகன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். வேகமாகத் திருப்பும் நிலையில் அவன் இல்லை.

"உனக்குத் தானா வராதா?"

"வராது."

"நீ சொல்லவே இல்ல."

"நீ கேக்கவே இல்ல."

இதோடு முடிந்தது என்று எழுந்தேன். முற்றியது.

"அழுகுணி ஆட்டம்! நான் போகவே மாட்டேன்."

"போகாத. நானும் போக மாட்டேன்."

டாக்டர் போய்க் கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்தார். நூல் போலத் தண்ணீர் விழுந்தது. ஆய்வகத்து அம்மாவுக்கு உடனே புரிந்தது. மேசையிலிருந்த ஜக்கை எடுத்து டம்ளரில் ஊற்றினார். டம்ளரிலிருந்து ஜக்கில் ஊற்றினார். சண்டை போட்டவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தாளம் தப்பாமல் செய்தார்கள். என் மனைவி பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்றாள்.

அக்கா மகன் விட்டத்தைப் பார்த்தான். நெற்றி வியர்த்தது. என் மகள் கட்டிலில் சம்மணமிட்டு வேடிக்கை பார்த்தாள். அவள் பைக்குக் காது கிடையாது. ஆய்வகத்தில் அதற்கு நரம்பு வைத்துக் கொடுக்கவில்லை.

முதலில் விழுந்தது அக்கா.

"இதோ வந்துடறேன்" என்று அறையோடு ஒட்டிய கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். டாக்டர் ஒரு காலை மற்றொரு கால் மேல் போட்டு நின்றார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா மகன் ஓடினான். கதவில் மோதினான்.

"அம்மா, கதவத் திற!"

"இருடா, இப்பதானே வந்தேன்."

"அம்மா, சீக்கிரம்!"

"மனுஷிய ஒரு நிமிஷம் நிம்மதியா..."

பிறகு அவன் தட்டவில்லை. கால்சட்டை தொடையிலிருந்து கீழாகக் கறுத்தது. ஷூவைத் தாண்டித் தரையில் பரவியது. டாக்டர் குழாயை மூடினார்.

என் மகள் கட்டிலிலிருந்து இறங்கினாள். எனக்குப் பயமாக இருந்தது. பேச்சு வந்த வயதிலிருந்து இந்த நேரத்துக்காகக் காத்திருந்தவள். என்ன சொன்னாலும் நியாயம்தான்.

அவள் தன் அம்மாவின் பையைத் திறந்து துண்டையும் மாற்றுக் கால்சட்டையையும் எடுத்தாள். தேவையில்லை என்று தெரிந்தும் என் மனைவி அவற்றை இன்னும் எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவாள்.

"அழாத" என்றாள். "முதல்ல ஷூவக் கழட்டு. இல்லன்னா பேண்ட் மாட்டிக்கும்."

அவன் கழற்றினான்.

"தொடைய நல்லாத் துடை. அப்படியே விட்டா எரியும். ஈரத்த உள்பக்கமா மடிச்சுச் சுருட்டு. வாசனை வராது."

"இதுல பூ போட்டிருக்கு."

"சட்டைய வெளிய இழுத்து விடு. யாருக்கும் தெரியாது."

"நெஜமா?"

"நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன்! உனக்கே தெரியாது, பாரு."

எங்களைப் பார்த்து, "திரும்புங்க எல்லாரும்" என்றாள். டாக்டர் முதற்கொண்டு திரும்பினோம்.

கழிப்பறைக் கதவு திறந்தது. "அப்படி என்னடா அவசரம்" என்று ஆரம்பித்த அக்கா தரையைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஆள் தேடினாள். கிடைக்கவில்லை. குனிந்து அவன் ஷூவை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, கொஞ்சம் தள்ளுங்க. நான் போகணும்."

என் மகள் குழாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவி அளவு ஜாடியோடு பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் ஒரு பக்கம், ஆய்வகத்து அம்மா மறு பக்கம், கதவில் காதை வைக்காத குறை.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஜாடியில் மெல்லிய சத்தம் விழுந்தது. சீராக விழுந்தது.

"தையல்" என்றார் டாக்டர், மூச்சுக்குள்.

"அடுக்கு" என்றார் ஆய்வகத்து அம்மா.

"வெளிய யாரும் பேசாதீங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குச் சிரிப்பு வருது. குழாய் ஆடுது."

பேசவில்லை. சத்தம் நிற்கவில்லை. நான் நாற்காலியை விடவில்லை. பூப்போட்ட கால்சட்டையில் அக்கா மகன் கதவருகே வந்து நின்றான்.

"இன்னுமா வருது?"

"இன்னும் இருக்கு!" என்றாள்.