குடையூசி

ஆலங்கொல்லை இளையபெருமாளின் கழுத்தில் இருந்த கட்டி ஊசியைக் கண்டால் ஓடிவிடும். இடது காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் உட்கார்ந்திருப்பது, டாக்டர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதற்குள் தோள்பட்டைக்கு இறங்கும். அங்கே விரல் வைத்தால் முழங்கைக்குப் போகும். ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோலக் கழுத்துக்குத் திரும்பிவிடும். இது பசலி ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்றில் நடந்தது. அந்த வருஷம் குறுவை சுமார், சம்பா பரவாயில்லை, வைக்கோல் விலை ஏறியிருந்தது.

ஆட்சி மாறி நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற சட்டம் சென்னையிலிருந்து திருவாரூர் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து ஆலங்கொல்லைக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. இளையபெருமாள் பதினெட்டு வருஷமாக உழுத மூன்று மா நிலத்துக்கு, அடங்கல் பதிவேட்டில் ‘சாகுபடி செய்பவர்’ என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. கணக்குப்பிள்ளை நாகநாதன் அதில் பேனாவை வைக்க மாட்டார். வைத்தால் அப்புறம் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் முகத்தில் விழிக்க முடியாது. தை மாதம் மிராசுதார் நாற்பது ஆட்களோடு கதிரறுக்க வந்தார். எழுபது பெண்கள் அரிவாளோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அது வரப்பு நெடுகப் பரவியது, கூலிக்கு வந்த நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் மிராசுதார் செருப்பையும் சிங்கப்பூர் பட்டன் குடையையும் சேற்றில் விட்டுவிட்டு வண்டி ஏறினார். அடுத்த வாரமே, தீர்ப்பு வரும்வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தது. இளையபெருமாள் வயலில் கால் வைக்காத முதல் நாள் சாயங்காலம் கட்டி வந்தது.

அவன் மனைவி காத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் இதே இடத்தில் இதே மாதிரி கட்டி வந்து நாற்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தவர். இளையபெருமாளுக்கு இப்போது நாற்பத்தொன்று. திருத்துறைப்பூண்டி சாலை டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் நூர்ஜஹான் முத்துப்பேட்டைக்காரர், ஒளிக்காமல் பேசுகிறவர். கட்டியிலிருந்து அரிசி அளவு சதை கிடைத்தால் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம், கெட்டது என்றால் சீக்கிரம் தெரிய வேண்டும் என்றார். ஒன்பது தடவை முயன்றார். ஒன்பது தடவையும் கட்டி ஓடிவிட்டது. ஒன்பதாவது தடவை அது உள்ளங்காலுக்குப் போனதால் இளையபெருமாள் நொண்டிக்கொண்டே வீடு வந்தான்.

“அம்மா, இது எலிங்க,” என்றாள் காத்தாயி.

“எது?”

“இந்தக் கட்டி. உங்க கை வர்றதைப் பாத்துக்கிட்டே இருக்குது. பாக்க விட்டுட்டு எப்படிங்க புடிக்கிறது?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் டாக்டர் சிரித்திருப்பார். ஆனால் சுற்றுவட்டாரத்து ஏழு ஊர் வயல்களுக்கும் எலிக்கிட்டி வைக்கிறவள் காத்தாயி. மூங்கிலை வில்லாக வளைத்து, நூல் பூட்டி, அவள் வைத்த கிட்டியில் தலை நீட்டிய எலிக்குத் தான் செத்தது தெரியாது. வாயில் பால் பிடித்த நெல் அப்படியே இருக்கும். டாக்டர் ஊசியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு கம்பி, அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு பள்ளம். கம்பி கட்டிக்குள் போனதும் சதை அந்தப் பள்ளத்தில் விழும். பிறகு வெளிக்குழாயைத் தள்ளினால் அது சதையை நறுக்கி மூடிக்கொள்ளும். இரண்டையும் கையால்தான் தள்ள வேண்டும், நடுவில் மூச்சு விடும் நேரம் ஆகிறது, அதற்குள் கட்டி போய்விடுகிறது என்றார். காத்தாயி குழாயைத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். “நீங்க கதவைத் தொறந்து வச்சுட்டு, அப்புறமா சாத்தப் போறீங்க. தொறந்தது தெரியறதுக்கு முன்னாடி சாத்தணும்,” என்றாள்.

அதன்பின் மூன்று மாதம் வீட்டில் ஒழுங்கான சமையல் இல்லை. சைக்கிள் கடை முகம்மது யூசுப், ஸ்போக்ஸ் கம்பியை அரம் போட்டு மெலிதாக்கி, நுனியைத் தீட்டிப் பள்ளம் வெட்டித் தந்தார். வெளிக்குழாய்க்கு மாட்டு டாக்டரின் ஊசி பொருந்தியது. முதலில் மூங்கில் வில்லைப் பூட்டினாள். வில் பக்கவாட்டில் உதைத்து ஊசியை வளைத்துவிட்டது. அடுத்து மிராசுதார் விட்டுப்போன குடையைப் பிரித்தாள். பட்டனைத் தட்டினால் குடை விரிவதற்குத் தண்டுக்குள் முழ நீளச் சுருள் ஸ்பிரிங் இருந்தது. அது கம்பியை நேராகப் பாய்ச்சியது, குழாய் மட்டும் பின்தங்கியது. கடைசியில் ஸ்பிரிங்கை இரண்டாக நறுக்கி, ஒன்றைக் கம்பிக்கும் ஒன்றைக் குழாய்க்கும் வைத்தாள். முன்னால் போகும் கம்பி போய் முட்டிய அதிர்ச்சியிலேயே பின்னால் இருக்கும் குழாயின் கொக்கி கழன்று கொள்ளும்படி செய்தாள். தட்டினால் டக்டக் என்று இரண்டு சத்தம் ஒட்டிக்கொண்டு கேட்கும். பப்பாளிக்காயில் குத்தினாள், பால் வடியவில்லை, காய்க்குச் சேதி எட்டவே இல்லை. எருமையின் முதுகில் குத்தினாள். எருமை அசைபோடுவதை நிறுத்தவில்லை. யூசுப் தன் தொடையில் தானே குத்திக்கொண்டு, அரிசி அளவு சதையைக் கையில் வைத்துப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தார். வலி புறப்பட்டு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்து கதவு சாத்தியிருந்ததால், அது வேறு வழியில்லாமல் சிரிப்பாக வெளியே போயிற்று என்று டாக்டர் விளக்கினார்.

ஆனால் எவ்வளவு வேகமான கிட்டிக்கும் எலி ஒரு நொடி நிற்க வேண்டும். எலி காது கொடுக்கும்போது நிற்கும். கட்டி எப்போது நிற்கிறது என்று காத்தாயி கவனித்துக்கொண்டே இருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் கோர்ட்டு நோட்டீசைப் படித்துக் காட்டினார். ‘சர்வே நம்பர் நூற்று நாற்பத்தேழு பார் இரண்டு’ என்றதும், முதுகில் உலாவிக்கொண்டிருந்த கட்டி கழுத்துக்கு ஓடிவந்து நின்றது. மிராசுதார் பெயர் வந்தது, அப்போதும் நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தளர்ந்து நகர்ந்துவிட்டது. அது எதற்குக் காத்திருக்கிறது என்பது காத்தாயிக்குப் புரிந்தது.

அவள் நாகநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள். “எழுத வேணாங்க ஐயா. அந்தக் காலிக் கட்டத்துல அவரு பேரை வாயால சொன்னா போதும். எம் புருசன் உசுருங்க,” என்றாள். நாகநாதன் கெட்டவர் இல்லை, பயந்தவர். எழுதினால்தானே வம்பு, வெறும் பேச்சுக்கு யார் சாட்சி என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தார். அங்கேதான் சறுக்கினார். பதிவேட்டை விரிக்காமல் ஒரு சர்வே நம்பர்கூட அவர் வாயில் வராது. கணக்குப்பிள்ளை வம்சத்து நாக்கு அப்படிப் பழகியிருந்தது. ஆகவே அடங்கலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டப்பகல் பதினொரு மணிக்கு டிஸ்பென்சரிக்கு வந்தார். எழுபது பெண்களும் ஜன்னலில் நின்றார்கள்.

“எப்ப அழுத்தணும்னு நீ சொல்லு,” என்றார் டாக்டர். கெட்டது என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பைக் காத்தாயியால் விரட்ட முடியவில்லை.

நாகநாதன் பதிவேட்டை விரித்துத் தொண்டையைக் கனைத்தார். “சர்வே நம்பர் நூத்தி நாப்பத்தேழு பார் ரெண்டு. நஞ்சை. விஸ்தீரணம் மூணு மா. பட்டாதாரர் வைத்தியலிங்கம்.” கட்டி கழுத்துக்கு வந்தது. நாகநாதன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். “சாகுபடி செய்பவர்...” கட்டி தோலுக்கடியில் பின்னங்காலில் எழுந்து நின்றது. “சாகுபடி செய்பவர், இளையபெருமாள்.”

“இப்பங்க!”

டக்டக். இளையபெருமாள் சிரித்தான். ஜன்னலில் எழுபது பேர் சிரித்தார்கள். சாலையில் போன வேதாரண்யம் பஸ் நின்றது, காரணம் தெரியாமல் அதில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

டாக்டர் சதையைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு காத்தாயியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே நாலு பக்கமும் வரப்பு, நடுவே பச்சைப் பயிர், நட்டு இருபது நாள் இருக்கும். வடகிழக்கு மூலையில் வரப்பு உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “இதை அடைக்கணும்னுதாம்மா இவரு பொலம்பிக்கிட்டே இருந்தாரு,” என்று சொன்ன காத்தாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

டாக்டர் அறிக்கை எழுதினார்: கெட்ட கட்டி அல்ல. நஞ்சை. இருபோகம். நோயாளியே சாகுபடி செய்துவருகிறார். கீழே கையெழுத்து, முத்திரை. வைகாசியில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடந்தபோது தாசில்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருத்துவ அறிக்கை செல்லாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நாகநாதன் அடங்கலை விரித்தபோது காலிக் கட்டத்தில் இளையபெருமாளின் பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. தான் எழுதவில்லை என்று சாமிமேல் சத்தியம் செய்தவர், இது தன் எழுத்து இல்லை என்று மட்டும் சொல்ல முடியாமல் விழித்தார். கோர்ட்டும் பதிவேட்டைப் பார்த்து உத்தரவை ரத்து செய்தது. காத்தாயி குடையை மிராசுதாரிடம் திருப்பிக் கொடுத்தாள். ஸ்பிரிங் இல்லாத அந்தக் குடை, யாராவது நூற்று நாற்பத்தேழு பார் இரண்டு என்றால் தானாக விரிந்தது. திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது மணவறையிலேயே விரிந்தது. சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டாக்டர் நூர்ஜஹான் குடையூசியால் நானூறு பேருக்குச் சதை எடுத்தார். கட்டி இல்லாதவர்களும் வரிசையில் வந்து நின்றதால், கட்டி இருந்தால் மட்டும் வரவும் என்று பலகை மாட்ட வேண்டியதாயிற்று.

இளையபெருமாளின் கட்டி ஓடுவதை விட்டுவிட்டுக் கழுத்திலேயே தங்கியது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் வாய்க்காலுக்கு வரும் முன்பே அவன் காதுக்குக் கீழே குளிர்ந்துவிடும். ஊரார் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்றங்காலுக்குப் போனார்கள். கணக்குப்பிள்ளை வேலையைச் சர்க்கார் எடுத்துவிட்ட பிறகு வந்த கிராம அலுவலர், பயிராய்வுக்கு ஒருதரம் வயலுக்கும் ஒருதரம் பூதக்கண்ணாடியோடு அவன் கழுத்துக்கும் வந்து குறித்துக்கொண்டார். ஒரு கார்த்திகையில் கழுத்து தாங்க முடியாமல் அரித்தது. காத்தாயி உற்றுப் பார்த்துவிட்டு, டிஸ்பென்சரிக்குப் போய்க் குடையூசியை வாங்கி வந்தாள். அவனை வரப்பில் உட்காரவைத்து, சர்வே நம்பரிலிருந்து சாகுபடி செய்பவர் வரை மனப்பாடமாகச் சொல்லி, பட்டனைத் தட்டினாள்.

“புடிச்சிட்டியா?” என்றான் இளையபெருமாள், சிரிப்பு அடங்காமல்.

இமைமுடி அளவு வாலைப் பிடித்துத் தூக்கி வெயிலில் காட்டினாள். எலியின் வாயில் நெல் அப்படியே இருந்தது.

“புடிச்சாச்சு. போங்க, போய் மடையத் தொறங்க,” என்றாள்.