பேஸ்மென்ற்றில் நான்கு கத்தரிக் கன்றுகள்

வசந்தகாலம் ஓர் ஊருக்கு வருமுன் இரண்டு தூதர்களை அனுப்பி வைக்குமாம். முதலாமவன் வெயில். அவன் வாயாடி. ஓடிவந்து வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, அரசர் வந்துவிட்டார் என்று அறிவித்துவிட்டு, பதிலுக்கு நில்லாமல் போய்விடுவான். இரண்டாமவன் மண். அவன் மெல்ல நடப்பவன். அரசரைத் தன் கண்ணால் கண்ட பிறகே வாய் திறப்பான். ரொறன்ரோவில் தோட்டம் செய்கிறவர்கள் ஆண்டுதோறும் முதலாமவன் பேச்சைக் கேட்டுவிட்டு, இரண்டாமவன் வந்து சேரும்வரை வருந்திக்கொண்டிருப்பார்கள்.

ஸ்காபரோவில் வசிக்கும் ஜெயமலருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அவள் வெயிலின் பக்கம் சேர்ந்துகொண்ட ஒரு சித்திரை மாதத்தைப் பற்றியது இந்தக் கதை.

ஜெயமலர் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். அவளுடைய கை ராசியான கை என்று தமிழர்கள் நடுவில் ஒரு பெயர் பரவியிருந்தது. வேலையிடத்தில் யாரோ கைவிட்ட பூச்சட்டி ஒன்றை அவள் துளிர்க்க வைத்ததில் தொடங்கியது அது. பிறகு ஒருவரின் கறிவேப்பிலை, இன்னொருவரின் பாகற்கொடி என்று வளர்ந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய் ஒரு பக்கம் மரத்துக் கிடக்கையிலேயே, தங்கள் மிளகாய்க் கன்றை ஒருதரம் வந்து நட்டுத் தரும்படி குழறிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கையின் இரகசியம் பெரிதல்ல. நடுகைக்கு முன் சில நாட்கள், வெயில் ஏறாத காலை வேளையில், அவள் தன் கையை மணிக்கட்டுவரை மண்ணுக்குள் புதைத்துப் பார்ப்பாள். குளிர் எலும்பில் ஏறி வலித்தால் அன்றைக்கு நடுகை இல்லை. வலிக்காத நாள் பெரும்பாலும் மே மாதம் முடியும் தறுவாயிலோ அதற்கும் பிந்தியோதான் வரும். இதை அவள் எவரிடமும் ஒளித்ததில்லை. ஆனால் எல்லாரும் கையைக் கேட்டார்களே தவிர, அந்தக் கை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. ராசிக்காரி என்ற சொல்லும் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

அவளுடைய நெருங்கிய தோழி கோணேஸ்வரி மட்டக்களப்புப் பக்கத்தவள். இருவரும் தங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தவர்கள். கோணேஸ்வரி அந்த மாடியின் பல்கனியில், சட்டிகளில், ஊதாவும் வெள்ளையுமாக வரியோடிய கத்தரி ஒன்றை வளர்த்துவந்தாள். இலையுதிர் காலத்தில் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வாள். அப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கத்தரி அவளுடன் மாடியில் குடியிருந்தது. அந்தச் சித்திரைக்கு முந்திய இலையுதிர் காலத்தில் அவளுடைய மகன் விதுஷன் பிக்கரிங்கில் புது வீடு வாங்கினான். சாமான் கட்டும் அமளியில் விதைக்காய் பூஞ்சணம் பிடித்துப்போக, தேறிய விதை ஒரு சிட்டிகை மட்டும். பங்குனியில் அதை முழுவதும் சமையலறை ஜன்னலோரம் முளைக்கப் போட்டாள். மிச்சம் வைக்கவில்லை.

சித்திரைப் புதுவருடத்தன்று வெயில் வந்து கதவைத் தட்டியது. முந்திய வாரம் வரை பனிச்சப்பாத்தோடு திரிந்த ஊர், அன்று அரைக்காற்சட்டையோடு வீதியில் நின்றது. வெப்பநிலை இருபத்திரண்டு. பக்கத்து வீடுகளில் இறைச்சி சுடும் புகை எழுந்தது. வருடம் பிறந்து முதல் வேலை தொடங்குவதற்கான நல்ல நேரம் கோவில் கலண்டரில் முற்பகலில் இருந்தது. புது வீட்டின் முதல் நடுகையை அந்த நேரத்தில் ஜெயமலரின் கையால் நடுவிப்பது என்று கோணேஸ்வரி முடிவு செய்திருந்தாள்.

ஜெயமலர் போனபோது வீட்டில் பொங்கல் இறக்கியாகிவிட்டது. மார்க்கம் நகரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். விதுஷன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பின்வளவில் புல்லை வெட்டி நீக்கிய ஒரு பாத்தி, மண்ணைக் கிளறி, சீராக்கி, காத்திருந்தது. ஜெயமலர் முழந்தாளிட்டு முதல் குழியைத் தோண்டினாள். மேல்மண் இளஞ்சூடு. நாலு விரல் ஆழத்தில் குளிர்சாதனப் பெட்டியில் கை விட்டதுபோல இருந்தது. மணிக்கட்டு விண்ணென்று வலித்தது.

"கோணேஸ், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து நடுவமே?" என்றாள், தணிந்த குரலில்.

"நேரம் போகுதக்கா. உங்கட கை பட்டாப் போதும், மத்தது தானா வரும்" என்றாள் கோணேஸ்வரி, வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. அவர்களும் தலையசைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஜெயமலர் ஒன்றும் சொல்லவில்லை. கன்றுகளை ஒவ்வொன்றாக நட்டு, தண்ணீர் ஊற்றி, கை கழுவிவிட்டுப் பொங்கல் சாப்பிட்டாள். புறப்படும்போது கோணேஸ்வரி தயிர்க் கோப்பைகளில் நான்கு கன்றுகளைக் கொடுத்து, நல்ல நேரம் முடியுமுன் அவற்றை அவளுடைய வளவிலும் நடச் சொன்னாள். ஜெயமலர் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான்கையும் நேரே வீட்டின் கீழ்த்தளத்துக்கு, பேஸ்மென்ற்றுக்குக் கொண்டுபோய், நாற்றுகளுக்கென்று கட்டியிருந்த விளக்கின் கீழ் வைத்தாள். மாலையில் கோணேஸ்வரி தொலைபேசியில் கேட்டபோது, நட்டுவிட்டதாகச் சொன்னாள். நடவில்லை என்றால் கோணேஸ்வரி ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லப் போனால், பிக்கரிங்கில் நட்டது ஏன் என்ற கேள்வி வரும்.

வெயில் மூன்று நாள் நின்று பேசிவிட்டுப் போனது. பிறகு மழை. மழையின் முடிவில் வடக்கிலிருந்து காற்றுத் திரும்பியது. தோட்டக்காரர்கள் போனில் வானிலையைப் பார்ப்பதும், அது காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவதுமாக ஒரு கிழமை போயிற்று. கோணேஸ்வரி கன்றுகளின்மேல் வாளிகளைக் கவிழ்த்தாள். வாளிகளின்மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்தாள். மேகமில்லாத ஓர் இரவில் உறைபனி விழுந்தது. காலையில் வாளிகளைத் தூக்கிப் பார்த்தபோது, கன்றுகள் அவித்த கீரைபோல நிறம் கறுத்து மண்ணோடு படிந்து கிடந்தன.

அவள் ஜெயமலரை அழைத்துச் சொன்னாள். குற்றம் சொல்லவில்லை. ஸ்காபரோவில் நட்ட நான்கும் எப்படி என்று மட்டும் கேட்டாள்.

"அதுகளும் செத்துப் போட்டுது" என்றாள் ஜெயமலர்.

இது இரண்டாவது பொய். முதற் பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் ஆனபடியால், அதைவிடக் கனமாக இருந்தது.

பேஸ்மென்ற்றிலோ கன்றுகள் கொழுத்து வளர்ந்தன. தயிர்க் கோப்பை போதாமல் அவற்றைச் சட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. விளக்கு இலைகளில் முட்டியது. அதை உயர்த்திக் கட்டித் தரும்படி கணவரைக் கேட்டாள். இரத்தினவேல் மிசிசாகாவில் விமான நிலையத்துக் களஞ்சியத்தில் வேலை செய்பவர். மனைவியின் தோட்ட விஷயங்களில் தலையிடுவதில்லை. ஆனால் ஏணியில் நின்றபடி இலைகளைத் தடவிப் பார்த்து, இது கோணேஸ் வீட்டுக் கத்தரி அல்லவா என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"கன்று வளர வளர உம்மட பொய்யும் வளருது. நான் லைட்டை எவ்வளவு உயரத்துக்குத்தான் தூக்கிக் கட்டுறது?" என்றார் அவர். "இனிக் கோணேஸ் வந்தா பேஸ்மென்ற் கதவைப் பூட்டிப்போட்டோ தேத்தண்ணி குடுப்பீர்?"

"நீங்கள் லைட்டைக் கட்டிப்போட்டு இறங்குங்கோ" என்றாள் ஜெயமலர்.

கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த விதையில் உயிரோடு மிஞ்சியவை இந்த நான்கும்தான். ஆனால் கொண்டுபோய் நீட்டினால், தன் வீட்டுக் கன்றை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு தோழியின் கன்றைக் குளிரில் நட்டவள் என்பது அந்த நிமிடமே வெளிச்சமாகிவிடும். வேறெங்கோ வாங்கியதாகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். வரிக்கத்தரி கடையில் விற்கும் பொருள் அல்ல. முதலாவது பூமொட்டு வந்தபோதும் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மே மாத நடுவில் விதுஷன் பல் துப்புரவு செய்ய வந்தான். மேசைக்கு முன்னால் நின்று, சலிப்போடு சொன்னான்: "அன்ரி, அம்மா பாக்யார்ட் பக்கமே போறேல்ல. வீடு ராசியில்லையாம். ஐயரைக் கூப்பிட்டு என்னவோ திரும்பச் செய்யோணுமாம். லைக், இருபத்தஞ்சு வருசத்துக்கு மோர்ட்கேஜ் போட்டிருக்கிறன், கத்தரி செத்ததுக்காக நான் வீட்டை விக்கிறதே?"

அவனுடைய அம்மா வேறும் ஒன்று சொன்னாளாம். மலரக்காவின் கையில் பிழையில்லை. அந்தக் கையாலேயே வராத இடம் என்றால் பிழை இடத்தில்தான் என்று.

அன்று முழுவதும் அந்தச் சொல் ஜெயமலரைக் குடைந்தது. தன் பெயர் கெடாமல் இருந்ததற்காக ஒரு வீட்டின் பெயர் கெட்டுப்போயிருந்தது. அந்த வீட்டில் கோணேஸ்வரி மிச்சக் காலம் முழுவதும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை நான்கு சட்டிகளையும் காரின் பின்னிருக்கையில் வைத்து, பெல்ற்றால் கட்டி, தனியாகப் பிக்கரிங் போனாள். கதவைத் திறந்த கோணேஸ்வரி முதலில் சட்டிகளைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். அதன் பிறகே முகத்தைப் பார்த்தாள்.

"கோணேஸ், உமக்கு நான் பொய் சொன்னனான். இதை நான் நடவுமில்லை, இது சாகவுமில்லை. பேஸ்மென்ற்றுக்கை வைச்சிருந்தனான்."

"அப்ப அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்."

"ஓம். கை வைச்ச உடனை தெரியும்."

"தெரிஞ்சுதானா என்ட புள்ளைகள ஐஸ்பெட்டிக்குள்ள வெச்ச நீங்க?"

ஜெயமலர் கையிலிருந்த சட்டியை வாசலில் இறக்கி வைத்தாள்.

"ஏன்க்கா சொல்லல்ல?"

"எல்லாருக்கும் முன்னால ராசியான கை எண்டு சொன்னீர். அது கேக்க நல்லா இருந்தது."

கோணேஸ்வரி உள்ளே போனாள். ஜெயமலர் சட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்வளவுக்குக் கொண்டுபோய், வெறும் பாத்தியின் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள். சற்று நேரத்தில் கோணேஸ்வரி ஒரு கோப்பைத் தேநீரோடு வந்தாள். வந்து, படியில் உட்கார்ந்து, அதைத் தானே குடித்தாள். பாதி குடித்த பிறகு, அந்தக் கை மண்ணில் என்னத்தைப் பார்க்கிறது என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஜெயமலர் காட்டினாள். கோணேஸ்வரி கோப்பையை வைத்துவிட்டு, வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டுவரை கையைப் புதைத்தாள். முகம் சுருங்கியது.

"குளிருது."

"எலும்பு வலிக்குதோ?"

"வலிக்குது."

"அப்ப இண்டைக்கு இல்லை. இன்னும் பொறுக்கோணும்."

"அப்ப வீட்டுல பிழையில்ல."

"வீட்டிலை ஒரு பிழையுமில்லை. மண் நல்ல மண். பிழை என்னிலை."

கோணேஸ்வரி கையைத் தட்டிவிட்டு எழுந்து, சட்டிகளைத் தானே தூக்கிச் சமையலறை ஜன்னலோரம் அடுக்கினாள். பிறகு இரண்டாவது கோப்பைத் தேநீர் போட்டாள். சீனி போட மறந்துவிட்டாள். அல்லது மறந்ததுபோல இருந்துவிட்டாள். ஜெயமலர் அதைக் கேட்காமல் குடித்தாள்.

நடந்ததைக் கோணேஸ்வரி தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கோவிலில் சொன்னாள், மார்க்கத்துச் சொந்தக்காரருக்கும் சொன்னாள். அதன் பிறகு ஜெயமலரை நடுகைக்கு அழைப்பவர்கள் குறைந்தார்கள். பல் வலியோடு வருகிறவர்கள், மண்ணில் எவ்வளவு நேரம் கை வைக்க வேண்டும் என்று விசாரித்தார்கள். ராசிக்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை. அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

கோணேஸ்வரி மட்டும் ஒவ்வொரு காலையும் தொலைபேசியில் வந்தாள். முகமன் கிடையாது. குளிருது என்பாள், வைத்துவிடுவாள். கனடாவில் நடுகைக்கு வழக்கமான, விக்டோரியா தினத்து நீண்ட வாரயிறுதி வந்தது. ஊர் முழுவதும் நட்டது. அவள் அன்றும் குளிருது என்றே சொன்னாள். மே மாதக் கடைசியில் ஒருநாள், ஜெயமலர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், மணி அடித்தது.

"இண்டைக்கு வலிக்கல்லக்கா. ரெண்டு கையும் வெச்சுப் பாத்திட்டன்."

"அப்ப நடும்."

"நீங்க வரல்லையா?"

"எனக்கு வேலை இருக்கு. உம்மட கை போதும்" என்றாள் ஜெயமலர்.

பிறகு கோணேஸ்வரி, மூன்றை நடப் போவதாகவும் ஒன்றைச் சட்டியோடு வீட்டுக்குள் வைத்திருக்கப் போவதாகவும் சொன்னாள். யாரையும் நம்புகிற எண்ணம் தனக்கு இனி இல்லை என்றும், இலையுதிர் காலத்தில் காய் முற்றியதும் விதையில் பாதியை ஸ்காபரோவுக்கு அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள்.