பித்தத்துக்குப் பானகம்

செல்லதுரைக்குப் புத்தி தெளிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அவன் காதுக்குள் யாரோ பேசத் தொடங்கினார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற மனநோய் டாக்டர் கொடுத்த மாத்திரையில் அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. இந்தக் குறுவை நடவுக்கு நாற்றுக்கட்டு சுமந்தான். பெண் பார்க்கலாமா என்றுகூட அவன் அம்மா அம்சம் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

நடவு முடிந்த கையோடு தாகம் வந்தது. குடத்தைத் தூக்கி அப்படியே குடித்தான். போதாமல் வாய்க்காலில் இறங்கி மாடு மாதிரி குனிந்து உறிஞ்சினான். குடிசைக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி வந்தான். தின்ற சோறு எங்கே போனதோ, விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

தெருவுக்குச் சந்தேகமே இல்லை. பைத்தியம் திரும்பிவிட்டது. பைத்தியம் என்றால் பித்தம், பித்தம் என்றால் சூடு; தலைக்கு எண்ணெய், வயிற்றுக்குப் பானகம். அம்சம் முட்டையிடுகிற கோழியைக் கடையில் கொடுத்து வெல்லம் வாங்கிவந்தாள். வெல்லத்தைக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, அவன் கேட்கிறபோதெல்லாம் கொடுத்தாள். அவனும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராசம்மாள் கொல்லைப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஏ அம்சம், ஒம் மவன் ஒதுங்குற எடத்த வந்து பாரு. எறும்பு சாரசாரையா வருது. பண்ணை வீட்டு ஐயாவுக்குத்தான் இப்படி மொய்க்கும். சாணி அள்ளப் போறப்ப பாத்துருக்கேன்."

"அவரு நெய்யும் பாலுமாத் திங்கிறாரு, சக்கரை வியாதி வருது. எம் மவன் என்னத்தக் கண்டான்?"

"கூலிதான் ஏத்திக் குடுக்கல. வியாதியையாவது பங்கு குடுத்தாரேன்னு வச்சிக்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருஷம் தெருவில் சிரிப்பே அரிதாக இருந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு யாரும் களையெடுக்க இறங்கவில்லை. பண்ணை, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. வாய்க்கால் மதகடியில் போலீஸ் வேன் நின்றது. அம்சத்தின் புருஷன் மருதையன் சங்கத்தில் முன்னால் நிற்கிறவன். அதையும் விட்டுவிட்டு மகனை டவுனுக்கு அழைத்துப் போனான்.

பொது டாக்டர் பையனைப் பார்க்கும் முன்னால் அவன் கையிலிருந்த மனநோய்ச் சீட்டைப் பார்த்தார்.

"இது இங்க இல்லப்பா. செவ்வாக்கெழமை மனநோய் டாக்டருகிட்ட காட்டு."

"உடம்புக்குத்தாங்க பாக்கணும். அரையாளா ஆயிட்டான்ங்க."

"எல்லாம் அதோட சேந்ததுதான். நகரு, பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

செவ்வாய்க்கிழமை மனநோய் டாக்டர் உட்காரவைத்து அன்பாகத்தான் விசாரித்தார்.

"திரும்பக் குரல் கேக்குதா தம்பி?"

"இல்லீங்க. தாகந்தாங்க தாங்க முடியல."

"குடி குடின்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. நாக்கு ஒட்டிக்குதுங்க."

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். அங்கேயும் யாரும் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, நாடி பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் செல்லதுரை வாந்தி எடுத்தான். பிறகு படுத்தபடியே, மூட்டை தூக்கி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். வாயில் அழுகின பழ வாடை அடித்தது. மருதையன் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாராயம் குடிச்சியாடா?" என்று கேட்டான். பையன் இல்லையென்று தலையசைத்தான். பேச முடியவில்லை. ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. அம்சம் தூக்குவாளி நிறையப் பானகம் கரைத்து எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், கூட ஒரு ஆள் போதும் என்று மருதையனை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பவுண்டர் மூக்கைப் பொத்தினார்.

"பைத்தியத்துக்குக் குடி வேறயா? கையக் கட்டுங்க, கிட்ட போற ஆள அடிச்சிடப் போறான்."

அடிக்கிற தெம்பு அவனுக்கு இல்லை. கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"தண்ணிம்மா," என்றான்.

அம்சம் வாளி மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். கை கட்டியிருந்ததால் வாயில் சாய்த்துவிட வேண்டியிருந்தது.

"இனிக்குதும்மா," என்றான். அதற்குமேல் அவன் பேசவில்லை.

மத்தியானம், வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மா அந்த வழியாகப் போனவள் நின்றாள். குனிந்து அவன் மூச்சை முகர்ந்தாள். கட்டை அவிழ்க்கச் சொன்னாள். மூத்திரம் பிடித்துவரச் செய்து, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினாள். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"சக்கரை வியாதிம்மா. ரொம்ப முத்திப் போச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட யாரும் மூத்திரம் பாக்கலியா?"

அம்சத்துக்கு எறும்புகள் ஞாபகத்துக்கு வந்தன.

"எங்களுக்கு எப்படிங்க சக்கரை வரும்? நாங்க கஞ்சி குடிக்கிற சனங்க."

"யாருக்கும் வரும்மா. இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அம்சம் தூக்குவாளியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இல்லீங்க."

ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். பொழுது சாயும் முன் அந்தப் பெரிய மூச்சு சின்னதாகி நின்றது.

அதே வண்டியில் மகனைக் கொண்டுவந்தார்கள். சாலையோரம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் மருதையன் வாயைத் திறந்தான்.

"தொண்ட காயுது. அந்த வாளியில என்ன இருக்கு?"

"தண்ணி."

"கொஞ்சம் குடு."

அவள் கொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாளியை வைக்கோலுக்குள் நட்டு வைத்துவிட்டு இறங்கி, வாய்க்காலுக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிவந்தாள். வண்டிக்கு வருவதற்குள் பாதி ஒழுகிவிட்டது. மிச்சத்தை அவன் அவள் கையிலிருந்தே குடித்தான். வாளியில் தண்ணீர் இருக்கும்போது ஏன் இறங்கிப் போனாய் என்று அவன் கேட்கவில்லை. அவள் ஏறி மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாளி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.