ஐடிஐ சார்

...ஆனா ஏசியைக் கழுவின தண்ணி ஏன் இவ்ளோ சுத்தமா வருது, ரெண்டு வருசமா சர்வீஸே பண்ணலைன்னு போன்ல சொன்னாங்களே, அப்படின்னா கறுப்பா சாக்கடையாட்டம் இல்ல ஊத்தணும், இது பக்கெட்ல பளிச்சுனு கிடக்குது, சமீபத்துலதான் எவனோ கழுவியிருக்கான், சரி நமக்கென்ன, கூப்பிட்டாங்க வந்தோம், கழுவிட்டுப் போவோம். இந்த வேங்கிக்கால் ஏரியா புது வீட்டுக்காரங்களுக்கு ஏசி லேசா இருமினாலே பயம். சிவில் படிச்சிட்டு சென்னையில வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கிட்டு நின்னவன் நான், பில்டர் பாதியில கைகழுவிட்டுப் போனான், கட்டடம் கம்பியும் காரையுமா அங்கியே நிக்குது, நான் ஊருக்கு வந்து கூடப் படிச்ச மாறன்கிட்ட ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டேன், இப்ப செங்கம் ரோட்டு ரூமுங்கள்ல ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க வேர்க்காம தியானம் பண்றதே என் தயவுலதான். வயிறு எரியுதான்னு கேட்டா, எரியுது. கவியா வீட்லேர்ந்து வேற இன்னும் பதில் வரல. பொண்ணு பாத்துட்டு வந்ததுக்கப்புறம் அவளே போன் பண்ணி, மேல ஏறும்போது பெல்ட் போட்டுக்குவீங்களான்னு கேட்டா, இதுவரைக்கும் என்னை அதை யாரு கேட்டாங்க? அதே போன்லதான் சொன்னா, ஏசி வேலைன்னதும் எங்கப்பா மூஞ்சியே மாறிடுச்சு, பி.இ.ங்கிற ஒண்ணுக்காகத்தான் வேணாம்னு சொல்லாம யோசிக்கிறாருன்னு.

எவ்ளோ நாளா இந்த வேலை தம்பி, என்ன படிச்சிருக்கீங்கன்னு வீட்டுக்காரரு கீழேர்ந்து கேட்டாரு, ஐடிஐ சார்னு திரும்பிக்கூட பாக்காம சொல்லிட்டேன், எல்லார்கிட்டயும் அதான் சொல்றது, பி.இ.ன்னு ஒருதடவை ஒரு லாட்ஜ்ல சொல்லப்போயி, ஐயோ பாவம் இவ்ளோ படிச்சிட்டா இதுக்கு வந்தன்னு அந்தாளு உச்சுக்கொட்டினாரே, இன்னொருத்தரு, புஸ்தகம் படிச்சவன் வேணாம் வேலை தெரிஞ்சவனா அனுப்புன்னு மாறனுக்கே போன் போட்டாரே, எதுக்கு வம்பு. ஏணியிலேர்ந்து இறங்கினா, அந்தம்மா வெள்ளி டம்ளர்ல காபி, தட்டுல மைசூர்பாகு, உக்காருங்க சாப்பிடுங்கன்றாங்க. மெக்கானிக்குக்கு எந்த வீட்ல வெள்ளி டம்ளரு? பேப்பர் கப்பே ஜாஸ்தி. சுத்தமான தண்ணி, மைசூர்பாகு, என் மூஞ்சியையே பாக்கிற அந்தம்மா... அடப்பாவி. பொண்ணு வீட்ல மாப்பிள்ளையைப் பத்தி டீக்கடையில விசாரிப்பாங்க, பக்கத்து வீட்ல விசாரிப்பாங்க, ஊர் வழக்கம்தான், இவங்க நல்லா இருந்த ஏசியைக் காட்டி என்னையே இல்ல வரவெச்சிருக்காங்க.

கவியா எனக்குத் தம்பி பொண்ணுன்னாரு அவரு, குரல் ஒசத்தாம, பி.இ.ன்னு எங்ககிட்ட சொன்னாங்களே தம்பி. பி.இ.தான் சார், சிவில், சும்மா ஒரு வார்த்தைக்கு அப்படிச் சொல்லிட்டேன்னேன், அவரு சரி சரின்னு தலையாட்டினாரு, காபி ஆறுது சாப்பிடுன்னாரு, இப்ப வாங்க போங்க எதுவும் இல்ல. சர்டிபிகேட் வீட்லதான் இருக்குது, வண்டியில போனா எடுத்தாந்து காட்டிடலாம், காட்டினா நம்புவாரு, நம்பித்தானே ஆகணும், இவரு சொல்றதுக்கு முன்னாடியே கவியாகிட்ட நாம சொல்லிடலாமா, என்னன்னு சொல்றது... ஐடிஐன்னு சொன்னப்ப எனக்கு நாக்கு தடுக்கல. பி.இ.ன்னு சொன்னப்பதான் தடுக்குச்சு. அதை அவரும் பாத்தாரு.