ஓர் அறை பின்னால்

ஷாகிர் பிச்சைக்காரனுக்குக் காசு போட்டுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்குள்ளேதான். அந்த விளையாட்டில் கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரனுக்கு ஒரு காசு போட்டால் நல்லவன் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். நாற்பது தடவை ஒரே வரியைத் தட்டி நாற்பது புள்ளி நல்லவன் ஆனான். எங்கள் கடை வாசலில் வந்து நின்ற யாருக்கும் அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்குப் புள்ளி கிடையாது.

அது 2001. சேந்தமங்கலத்தில் அவன் அத்தா அப்பாஸ் அலி பாய் நடத்திய பிரௌசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். வாரமெல்லாம் ஹாஸ்டல், சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு மலை பஸ். விளையாட்டில் படம் கிடையாது, எழுத்துதான். எந்தெந்தத் தேசத்திலோ இருப்பவர்கள் தட்டுவது வரிவரியாக ஓடும். ஷாகிர் அதில் வெள்ளைக் கவச வீரன். நல்லவன் பொய் சொல்லக்கூடாது, பூட்டை உடைக்கக்கூடாது, கெட்டவனோடு சேர்ந்து நடக்கக்கூடாது. மீறினால் புள்ளி போய்விடும், கவசமும் போய்விடும்.

பூட்டை உடைக்காமல் பெட்டியில் இருப்பதை எப்படி எடுப்பது? அதற்குத்தான் என்னைச் சேர்த்துவிட்டான். "நீ திருடியா இரு கோகிலா. ஆனா எங்கூட வராதே, ஒரு ரூம் பின்னாலயே வா" என்றான். அவன் தாண்டிய அறைக்குள் நான் நுழைவேன். கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பூட்டை உடைப்பேன். அவன் அள்ளிக்கொள்வான். என் கணக்கில் பாவம் ஏறும். அவன் கவசம் பளபளக்கும். இந்தக் கேவலத்தை எவனோ உட்கார்ந்து யோசித்துச் சட்டமாக எழுதியிருக்கிறான்.

மாதேஸ்வரன் பெரியப்பா எங்கள் ஊர்க்காரர், மலைமேல் பைல் நாடு. சனிக்கிழமை தோறும் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்குவார். மகன் வேல்முருகனின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் எங்கள் கடை நோட்டில்தான் இருந்தன. போஸ்டாபீசில் கேட்பதுபோல வாசலில் நின்று கேட்பார். "ஏனுங்க, பையனுக்கு மெயிலு ஏதாச்சும் வந்துருக்குங்களா?"

ஒரு சனிக்கிழமை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஷாகிர் சொன்னான்: "ஒண்ணும் வரலீங்க." மெயில் பெட்டியை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. அந்த நேரம் அவனுக்காக ஒரு பூட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்திலேயே துப்பத் தோன்றுகிறது.

அடுத்த இரண்டு வாரம் பெரியப்பா சந்தைக்கு இறங்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை காலையில் வேல்முருகனே அவரோடு இறங்கி வந்து மெயிலைத் திறந்தான். சென்னையில் வேலைக்கு நேர்காணல். பெரியப்பா கேட்ட அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாலேயே வந்த மெயில்; தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேல்முருகன் எழுந்து போய்விட்டான்.

"அன்னிக்குப் பார்த்தது யாரு?" என்று பாய் கேட்டார்.

"கோகிலாதான் அத்தா," என்றான் ஷாகிர், கொஞ்சமும் கூசாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா சொன்னார். "நம்மூட்டுப் புள்ளையே பண்ணிருச்சுங்களே. நாளைக்கு ஊர்க்கூட்டத்துல உங்கப்பன் வந்து பதில் சொல்லட்டும்." கண்ணு என்று கூப்பிடாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஷாகிரிடம் போய் நின்றேன். "பாய்கிட்ட நெசத்தைச் சொல்லிருங்க. எங்கப்பா கூட்டத்துல தலைகுனிஞ்சு நிக்கணுங்க."

"உங்க ஆளுங்க உன்னை மன்னிச்சுருவாங்க கோகிலா. அத்தா என்னை மறுபடி இந்த ஸீட்ல உட்கார விடமாட்டாரு."

அவன் பயந்தது அந்த நாற்காலிக்கு. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நாலாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருடியாக உள்ளே போனேன். முதல் தடவையாக ஓர் அறை பின்னால் நிற்காமல், கோட்டைச் சதுக்கத்தில் அவன் நின்ற அறைக்கே போனேன். ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டினேன்: அந்தக் கிழவரிடம் கடிதம் வரவில்லை என்று சொன்னது யார்? நல்லவன் பொய் சொல்லக்கூடாது, சொல்.

வரிகள் நின்றன. எவனோ ஒருவன், பதில் சொல்லு வீரனே என்று தட்டினான். தடுப்புப் பலகைக்கு மேலே ஷாகிரின் தலை எழும்பி என்னைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தது. கீபோர்டு படபடத்தது.

என் திரையில், வெள்ளைக் கவச வீரன் உன்னை வெட்டினான் என்று வந்தது. அடுத்த வரியில் நான் செத்திருந்தேன். கெட்டவளைக் கொன்றதற்கு அவனுக்கு இருபத்தைந்து புள்ளி. சதுக்கத்தில் இருந்தவர்கள் அவனை வாழ்த்தினார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்தை நாள், பஸ்ஸில் எள் போட்டால் கீழே விழாது. ஆனாலும் நடுவில் இரண்டு பேர் உட்காரும் ஒரு ஸீட் காலியாகக் கிடந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அது ஏன் என்று புரிந்தது: செய்தி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருந்தது, என் பக்கத்தில் யாரும் உட்காரப்போவதில்லை. பெரியப்பா முன்னால் இருந்தார், திரும்பவில்லை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலை வளைவுகள் தொடங்கின. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி என் ஸீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தள்ளி உட்கார்ந்து, "உக்காருங்கக்கா" என்றேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் சரிந்தாள், குழந்தை வீறிட்டது, பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். அவள் உட்காரவில்லை.